தாத்தாவின் வீடும் பேரனின் முன்பணமும்: உங்களை இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

துறைமுகத்தார் மகன் எழுதியது:

பரம்பரைச் சொத்து என்றால் நம்மில் பலர் ஊரில் இருக்கும் நிலத்தையோ பெட்டியில் இருக்கும் நகையையோதான் நினைக்கிறோம். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் வீட்டு முன்பணமாகவே பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது என்பதை ஒரு புதுமனை புகுவிழாவில் புரிந்துகொண்டேன். அன்று கேட்ட ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் இங்கே எழுதுங்கள்.

நண்பனும் நானும் ஒரே ஆண்டில், ஒரே துறையில், ஒரே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுடைய தாத்தா அந்தக் காலத்தில் சிராங்கூன் கார்டன்ஸில் வாங்கியிருந்த தரைவீடு விற்கப்பட்டு, மகன்களுக்குப் பங்கு பிரிந்து, அதில் ஒரு பகுதி பேரனுக்கு வந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி) வீட்டில் பால் காய்ச்சினார்கள். எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றிருந்தபோது யாரோ விலையைப் பற்றிக் கேட்க, நண்பனின் தந்தை, "முன்பணம் முழுக்க நான்தான் கட்டினேன், பெற்றவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?" என்றார். யாரையும் குத்திக் காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை. மகிழ்ச்சியில் வந்த பேச்சு அது. ஆனால் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டையும் பெட்டியும் தூக்கி எங்களை வளர்த்த என் தந்தை, கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தார்.

திரும்பி வரும் வழியில், அப்படிப்பட்ட வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு என்று அப்பா கேட்டார். வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடுதான் கடன் தரும், மீதி 25 விழுக்காட்டை நாம்தான் போட வேண்டும், அதிலும் 5 விழுக்காடு ரொக்கமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். 16 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 4 லட்சம் என்று அவரே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் உழைத்தும், சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் அவருடைய மத்திய சேமநிதிக் கணக்கு அந்தத் தொகையைத் தொட்டதில்லை. சற்று நேரம் கழித்து, "அவர் சொன்னது சரிதான்" என்றார். அந்தத் தீர்ப்பை அவர் தனக்கே வழங்கிக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

மாதத் தவணையை என் சம்பளத்திலும் கட்டியிருக்கலாம். முன்பணம் இல்லாததால் அந்த வாசல் எனக்குத் திறக்கவே இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அவன் வீட்டில் பணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. என் வீட்டில் அது கீழிருந்து மேலே ஏறுகிறது: அப்பாவின் மருந்துச் செலவு, அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, மாதா மாதம் வீட்டுக்குக் கொடுப்பது. பெற்றோருக்குக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை கிடையாது. ஆனால் சம்பளம் சமமாக இருப்பதால் நாங்கள் இருவரும் சமம் என்று யாராவது சொன்னால் அதை என்னால் ஏற்க முடியாது.

செம்பவாங் பழையவர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொன்னது சரியில்லை; அவரிடம் அதை நேரில் சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதிலும் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் குடியிருப்பில் நான் பிறந்தேன். வீடு வேலையோடு சேர்ந்தது. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறுவது முடிவானதும், எங்கள் வரிசையில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே கேள்விதான்: வேலை போனால் எங்கே படுப்பது? சிலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். என் அப்பா இங்கேயே தங்கினார். பல ஆண்டுகள் வாடகைக்கு அலைந்த பிறகு ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு சொந்தமாகக் கிடைத்தது. சாவியை வாங்கிய அன்று அம்மா உள்ளே போகவில்லை. வெளியே நின்றபடி கதவைப் பூட்டித் திறந்து, மறுபடியும் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அதட்டிய பிறகுதான் வாசற்படியைத் தாண்டினார்.

வீட்டு உரிமைத் திட்டம் 1964இல் வந்தது; சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 1968இல் வந்தது. அவை இரண்டும் இல்லாதிருந்தால், நாட்டில் பாதிப் பேர் இன்னமும் மற்ற பாதிப் பேருக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். வெறுங்கையோடு வந்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் எழுதிவைக்க ஒரு வீடு இருக்கிறது என்ற நிலை நம் முன்னோர் கனவிலும் காணாதது. உங்கள் நண்பனின் தாத்தாவுக்கு நல்ல காலம், சரி. உங்கள் அப்பாவின் வீடும் சொத்துதானே? அதை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை? கொண்டோமினியத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு துறைமுகத் தொழிலாளியை அளந்தால் யாருமே தேறமாட்டார்கள்.

குவீன்ஸ்டவுன் மூத்த மகள் எழுதியது:

பழையவர் ஐயா அவர்களே, உங்கள் அம்மா கதவைப் பூட்டித் திறந்ததைப் படித்து மனம் கலங்கியது. அதே தலைமுறைப் பெருமையோடுதான் என் அப்பாவும் எங்களுக்கு ஒரு வீட்டை விட்டுச்சென்றார். ஆனால் அவர் விட்டுச்சென்றது ஒரு வீடு மட்டும் அன்று. குறைந்துகொண்டே போகும் ஒரு குத்தகையும்தான்.

அப்பா 2023இல் காலமானார். வீட்டின் 99 ஆண்டுக் குத்தகை 1973இல் தொடங்கியது. மீதம் ஏறத்தாழ 49 ஆண்டுகள். பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்த வீவக வீடு இருக்கிறது, ஒருவர் பெயரில் இரண்டு வைத்துக்கொள்ள முடியாது, எனவே விற்பது என்று முடிவானது. முகவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் 95 என்று எழுதி வட்டமிட்டார். வாங்குபவர்களில் இளையவரின் வயதையும் மீதக் குத்தகையையும் கூட்டினால் 95 வர வேண்டும். வராவிட்டால் சேமநிதியிலிருந்து எடுக்கும் தொகை குறையும், வீவக கடனும் குறையும் என்று விளக்கினார். 32 வயதுத் தம்பதி ஒன்று வீட்டை விரும்பிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. 32க்குக் கீழே 49 என்று எழுதினார். 81. அந்தத் தம்பதியின் பெயரை அடித்துவிட்டு, "வயதில் பெரியவர்களாகத்தான் பார்க்க வேண்டும்" என்றார். அந்தப் பென்சில் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்களுக்கு நல்ல விலையே கிடைத்தது; அதை மறைக்கவில்லை. ஆனால் இதே வீடு இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளைக்கு வாரிசாகக் கிடைத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? அரசு நிலக் குத்தகைகளை மதிப்பிடப் பயன்படும் 'பாலா அட்டவணை'யில், 60 ஆண்டுகள் மீதமிருக்கும் நிலத்துக்கு நிரந்தர உரிமை நிலத்தின் மதிப்பில் 80 விழுக்காடு, 30 ஆண்டுகள் மீதமிருந்தால் 60 விழுக்காடு. அதற்குப் பிறகு சரிவு இன்னும் வேகமாகும். கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்ததும், அவை இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பின. அவை வீவக வீடுகள் அல்ல. ஆனாலும் குத்தகை முடிவது என்றால் என்ன என்பதை நாடு முழுவதும் பார்த்தது. பழைய வீவக வீடுகள் எல்லாவற்றுக்கும், அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் செர்ஸ் திட்டம் வரும் என்று நினைத்துக்கொண்டு அதிக விலை கொடுக்க வேண்டாம் என்று அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017இலேயே எச்சரித்தார். மறு ஆண்டு அறிவிக்கப்பட்ட, குத்தகை முடியும் முன்பே அரசு வீடுகளை வாங்கிக்கொள்ளும் வெர்ஸ் திட்டம், குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்பைப் பொறுத்தது. அதற்குரிய காலமும் இன்னும் வரவில்லை.

ஆகவே ஐயா, நிரந்தர உரிமை நிலத்தில் வீடு வைத்திருந்த தாத்தா, தன் பேரனுக்கும் அவனுடைய பேரனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். என் அப்பா தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தது. அதற்கு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க அவரிடம் காலம் இல்லை.

காவிரிக்கரைப் பேத்தி எழுதியது:

எல்லாரும் சிங்கப்பூர் வீட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகம்.

அம்மா 1982இல் திருமணமாகி இங்கே வந்தவர். தாத்தா இறந்து வெகுகாலம் கழித்து, 2011இல், மாமாக்கள் எங்களை ஊருக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் விருந்து. மறுநாள் காலை அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவையும் தங்கக் காசு ஒன்றும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்து, "அக்காவுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை" என்று பெரிய மாமா சொன்னார். பிறகு எல்லாரும் காரில் ஏறினோம். அலுவலகத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்தார். விரலைத் துடைக்கத் துணி இல்லை. புதுப் புடவையில் மை பட்டுவிடக் கூடாது என்று அவர் அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டே கார்வரை நடந்தார். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்தார்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் அது. தமிழ்நாடு 1989இலேயே பூர்விகச் சொத்தில் மகளுக்கு உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களை விட்டுவிட்டது. அந்த விலக்கை 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. ஆக, 2011இல் அம்மா கையெழுத்திட்டபோது, அவர் விட்டுக்கொடுத்தது சட்டப்படி அவருக்கே உரிய பங்கு.

அந்த நிலத்தை அடமானம் வைத்துத்தான் மாமா மகன் பொறியியல் படித்தான். இன்று வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கிறான், நன்றாக இருக்கட்டும். அதே ஆண்டுகளில் என் தங்கைக்குப் பல்தொழில்நுட்பக் கல்லூரிக் கட்டணம் கட்ட அம்மா அலுவலகம் துப்புரவு செய்யும் இரவு வேலைக்குப் போனார். ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள் எல்லாரும்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

பேத்தி அவர்களுக்கு: ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டவர், வரி கட்டியவர், பெரியவர்களைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியவர் உங்கள் மாமா. அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. எல்லாவற்றையும் சட்டப் பங்காகவே பார்த்தால் குடும்பம் நிற்காது.

என் அனுபவம் சிறியது. உடன் வேலை பார்த்த ஒருவர் மாரடைப்பில் திடீரென்று இறந்துபோனார். அவருடைய சேமநிதிப் பணம் முழுவதும் முன்னாள் மனைவிக்குப் போனது. இரண்டாம் வாழ்க்கை தொடங்க நினைத்திருந்த பெண்ணும், அவர் காப்பாற்றிவந்த வயதான தாயாரும் அலுவலகத்துக்கு வந்து எங்கள் மேலாளர் முன் நின்றார்கள். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

இதனால் சொல்கிறேன், எல்லாரும் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், ஆனால் மணவிலக்கு அதை ரத்து செய்யாது. நியமனமே இல்லையென்றால் பணம் பொது அறங்காவலரிடம் போகும். அவர் கட்டணம் கழித்துக்கொண்டு வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார். உயில் இல்லாமல் இறந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, துணைவரும் பிள்ளைகளும் இருந்தால், பாதி கணவன் அல்லது மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். அப்போது உயிரோடு இருக்கும் பெற்றோருக்கு ஒரு காசும் கிடைக்காது. பெற்றோரைக் காப்பாற்றுபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வீடு கூட்டு உரிமையாக இருந்தால் ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குப் போய்விடும், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. பிரிக்கப்பட்ட பங்குரிமையாக இருந்தால் மட்டுமே உங்கள் பங்கை உயிலில் எழுதலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்குரிய பங்கு போய்விடும். நினைவு தப்பினால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும், நினைவு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். காப்புறுதிக்கும் நியமனம் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். பணக்காரர்கள் இதையெல்லாம் வழக்கறிஞரை வைத்துச் செய்துவிடுகிறார்கள். நம்மவர்கள் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப் போட்டே இருப்பதையும் கரைக்கிறார்கள்.

வார இறுதி ஆசிரியர் எழுதியது:

எழுத்தர் ஐயாவின் பட்டியல் பயனுள்ளது. ஆனால் அது விட்டுச்செல்ல ஏதேனும் இருப்பவர்களுக்கானது. வாடகை வீவக வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே தந்தை இறந்தால் கைமாறுவது கடன்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் பல்தொழில்நுட்பக் கல்லூரியை விட்டு உணவு விநியோக வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளிக் குறிப்பேடு ஒன்றின் நடுப்பக்கத்தில், அப்பா யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று எழுதி, கட்டி முடித்த பெயர்களைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தான். உறவினர்கள், அப்பாவின் நண்பர்கள், ஒரு கடன் அட்டை நிறுவனம். தந்தையின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துதான் பொறுப்பு, உத்தரவாதம் போட்டிருந்தால் ஒழிய பிள்ளை தன் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் அப்படி இருக்கலாம் சார், கருமாதிக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள்" என்றான்.

அந்த உறவினர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அப்பன் கடனை மகன் தீர்ப்பது மானம் என்று நாம் வளர்த்து வைத்திருக்கும் எண்ணம், எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளையைத்தான் முதலில் பிடிக்கிறது. வசதியான வீட்டில் கடனும் இருக்கும், அதை அடைக்கச் சொத்தும் இருக்கும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991இலிருந்து நம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டு வருகிறது. உதவித்தொகையும் துணைப்பாடமும் உண்மையிலேயே பலரைத் தூக்கிவிட்டிருக்கின்றன. ஆனால் படிக்க உட்கார வேண்டிய பையன் கடன் கணக்கோடு உட்கார்ந்தால் எந்த வகுப்பு அவனைக் காப்பாற்றும்? உங்கள் குடும்பத்தில் யாராவது கடனோடு இறந்திருந்தால், தயவுசெய்து அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்காதீர்கள்.

கடையநல்லூர் வழிவந்தவள் எழுதியது:

பேத்தி அவர்களின் அம்மா கையெழுத்திட்டதைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதத் தோன்றியது. எங்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறை. ஷரியா நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழில் அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு என்று தெளிவாக இருந்தது. அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, தனக்கு வந்த கூடுதல் பங்கைத் திருமணமாகாத தங்கை பெயருக்குக் கொடுத்தார். ஆணுக்குக் கூடுதல் பங்கு வைத்திருப்பது வீட்டுப் பெண்களைக் காப்பாற்றும் பொறுப்போடு சேர்த்துத்தான் என்பது அவர் வாதம். எல்லா அண்ணன்களும் அப்படிச் செய்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் மாமி வீட்டில் பங்கை எடுத்துக்கொண்டார்கள், பொறுப்பை விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது.

கணக்கர் எழுதியது:

பழையவர் ஐயாவுக்கும் குவீன்ஸ்டவுன் அம்மையாருக்கும் நடக்கும் வாதத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீவக வீட்டையும் தரைவீட்டையும் ஒப்பிடும்போது, அதற்கும் மேலே இருக்கும் அடுக்கை நாம் பார்ப்பதே இல்லை.

கணக்கு நிறுவனம் ஒன்றில் இருந்தபோது ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. சொத்தின் பயனுரிமையாளர் தொடக்கப்பள்ளி மாணவர். அடையாளத்துக்காகச் சீருடையில் எடுத்த படம் ஒன்றை உள்ளே செருகியிருந்தார்கள். கழுத்துப்பட்டை ஒரு பக்கம் மடிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில், அறக்கட்டளை வழியாக, தனியார் வீடு ஒன்று. பெற்றோர் தங்கள் பெயரில் இன்னொரு வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி. பிள்ளைக்கு அது முதல் வீடு என்பதால் வரி இல்லை. அன்றைய விதிப்படி அதில் தவறு எதுவும் இல்லை. 2022 மே மாதத்தில் அந்த வழிக்கு 35 விழுக்காடு வரி வந்தது, 2023 ஏப்ரலில் அது 65 விழுக்காடானது. முதலில் கட்டிவிட்டு, நிபந்தனைகள் பொருந்தினால்தான் திரும்பக் கேட்க முடியும்.

வாங்கும்போது இவ்வளவு கடுமையாக இருக்கும் நாட்டில், இறப்புக்குப் பின் கைமாறும் செல்வத்துக்கு வரியே கிடையாது. மரணச் சொத்து வரி 2008 பிப்ரவரி 15 முதல் நீக்கப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னம். செல்வம் சிங்கப்பூரிலேயே உருவாகவும் நிர்வகிக்கப்படவும் வேண்டும் என்பது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். அந்த வரி சாதாரண மக்களைப் பெரும்பாலும் தொட்டதில்லை: குடியிருப்புச் சொத்தில் 90 லட்சம் வெள்ளிவரையும் மற்றச் சொத்தில் 6 லட்சம் வெள்ளிவரையும் விலக்கு இருந்தது, அதற்கு மேல்தான் 5 அல்லது 10 விழுக்காடு. உண்மையான பெரும் பணக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிட்டு அதைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. இருந்தாலும், உழைத்துச் சம்பாதித்த சம்பளத்துக்கு வரி கட்டுபவரின் பிள்ளையும், எதுவும் செய்யாமல் கோடிகளைப் பெறும் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, சொத்து வரியை உயர்த்தியதோடு விட்டுவிடுவது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. பெரும் செல்வத்துக்கு மட்டும் மரண வரி மீண்டும் வர வேண்டும். இதை என் துறையில் பலர் ஏற்கமாட்டார்கள். அவர்களும் இங்கே எழுதட்டும்.

மூன்றில் ஒரு பங்கு எழுதியது:

வரியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்தர் ஐயா ஊரில் பெரியவர்களைக் காப்பாற்றிய மாமாவுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று எழுதியிருந்தார். அதே மதிப்பு மகளுக்கும் உண்டா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு முதுமை மறதி நோய் வந்ததும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். வேலை இல்லாததால் சேமநிதியில் பணம் சேரவில்லை. அம்மா உயில் எழுதவில்லை. நோய் முற்றிய பிறகு எழுதவும் முடியாது. அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணனும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ள என்னிடம் பணம் இல்லை, எனவே விற்க வேண்டும். அண்ணன் அன்பாகத்தான் பேசினார்: "சமமாகத்தானே பிரிக்கிறோம், உனக்கு ஒரு வெள்ளிகூடக் குறையாது." பேசிக்கொண்டே அம்மாவின் மாத்திரைப் பெட்டியைக் கையில் எடுத்து, திங்கள் செவ்வாய் என்று எழுதியிருந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியை வாரா வாரம் நிரப்பியது யார் என்று அவருக்கும் தெரியும்.

ஒரே தொகை மூன்று கைகளுக்குப் போனது. அக்கா வீட்டுக் கடனை அடைத்தார். அண்ணனுக்கு ஏற்கனவே வீடு இருக்கிறது. எனக்கு மட்டும் அந்தத் தொகை, இருந்த வீட்டை இழந்ததற்கு ஈடாக வந்தது. இப்போது ஈசூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மூத்தோருக்கான ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் வயது 58, 95 வயதுவரை போதும்படி 40 ஆண்டுக் குத்தகை. அந்தக் குறுங்குத்தகை வீட்டை வெளிச்சந்தையில் விற்க முடியாது. வாழ்ந்து முடிக்க மட்டும்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, எனக்குப் பிறகு யாரும் இல்லை.

அண்ணன் மகனுக்கு அடுத்த ஆண்டு திருமணம். சென்ற மாதம் மறுவிற்பனை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினான். அம்மா வீட்டில் அண்ணனுக்கு வந்த பங்கு அப்படியே அதில் போய்ச் சேர்ந்திருக்கிறது.